அனுமதி எண்

பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்த கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இடி இடிக்கத் தொடங்கியதுமே வாசுதேவன் தன் கையால் பிடுங்கிய பிளக் அது. இப்போதும் மேசைக்கடியில் வயரோடு சுருண்டு கிடந்தது. சதுரங்கப்பட்டினத்துக் கடலோரத்தில் இறால் குஞ்சு பொரிக்கும் அந்த ஹேட்சரிக்கு அவர்தான் மேனேஜர். புயல் மழைக்குப் பயந்து மத்தியானமே எல்லாரையும் அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தார். தகரக் கூரையை மழை அறைந்தது. தீவனத்தின் கவிச்சியையும் மீறி, பாசி பிடித்த பழைய தண்ணீரின் வாடை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியது.

கடல்நீர்க் கிணற்றின் பம்பை ஓட்டுவது அந்தக் கம்ப்யூட்டர்தான். எங்கிருந்தாலும் போன் வழியாக அதற்குள் நுழைந்து பம்பை ஆன் செய்யும் வசதியை முன்பு செய்துகொடுத்தவன் பழைய டெக்னீஷியன் விஷால். போன ஆடியில் ஒருநாள் பம்பை அணைத்துவிட்டு, கிணற்று வலையில் சிக்கிய குப்பையை எடுக்க இறங்கினான். இறங்குமுன் போன் செய்தான்.

"சார், உள்ள எறங்கறேன். நான் சொல்ற வரைக்கும் ஆன் பண்ணிடாதீங்க."

தொட்டிகளில் தண்ணீர் வற்றுகிறதே என்ற எரிச்சல். செங்கல்பட்டு வீட்டு சோபாவில் சாய்ந்தபடியே வாசுதேவன் போனில் ஆன் செய்துவிட்டார். பம்பு இழுத்த இழுப்பில் விஷால் வலையோடு ஒட்டி மூழ்கிச் செத்துப்போனான். 'குடிச்சிட்டு அவனே ஆன் பண்ணிட்டு எறங்கிட்டான்' என்று பிறகு எல்லாரிடமும் சொன்னார். ஊர் நம்பியது. விஷாலின் மனைவி ஸ்ரீதேவி மட்டும் நம்பவில்லை. கேட்டருகே நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

இன்று காலைதான் சங்கரி என்ற புது டெக்னீஷியன் வந்து, எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதே வசதியை மறுபடி போட்டுக்கொடுத்தாள்.

திரை தானாக வெளுத்தது. 'வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வர அனுமதி கேட்கிறார். கீழே உள்ள எண்ணை அவரிடம் சொல்லவும்.'

சங்கரிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, நீயா உள்ள வர்றே?"

"இன்னா சார்? நான் பஸ்ல கீறேன். லேப்டாப் பைக்குள்ள கீது."

"யாரோ நம்பர் கேட்டுக்கினு கீறாங்க."

"சொல்லாதீங்க சார்! நீங்க சொன்னாத்தான் உள்ள வர முடியும்."

லைன் கரகரத்தது. தண்ணீர் கொப்பளிப்பது போல ஒரு மூச்சு. பிறகு ஒரு குரல் திரையிலிருந்த எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது.

வாசுதேவனின் குரல்.

வாயைக் கையால் பொத்தினார். உள்ளங்கைக்குள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

கடைசி எண்ணும் முடிந்தது. திரை இருண்டது.

கதவுக்கு ஓடினார். திறந்தார். காலை வைத்தார்.

தரை இல்லை.

கழுத்துவரை குளிர். வாயெல்லாம் உப்பு. தடவிய கையில் வழுக்கும் வட்டச்சுவர். காலடியில் இரும்பு வலை.

"விஷாலு... தெரியாம பண்ணிட்டேன்டா..."

வெகு உயரத்தில், வட்டமாகக் கொஞ்சம் வானம். விளிம்பில் ஒருவன் குந்தியிருந்தான். அவன் தலைமுடியிலிருந்து ஈரம் சொட்டிச் சொட்டி வாசுதேவனின் நெற்றியில் விழுந்தது. அவன் கையில் ஒரு போன். அந்த வெளிச்சத்தில், ஊறி வெளுத்துத் தோல் கழன்ற கட்டைவிரல் மட்டும் தெரிந்தது.

அவசரமே இல்லாமல் அது போனின் ஆன் பொத்தானை நோக்கிக் கீழிறங்கியது.