'ஆம்' கட்டத்தில் ஒரு டிக்

மனிதர்கள் இன்னும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருப்பதே, உரிமம் வாங்கி வீட்டிலிருந்தே பொழுதுபோக்காக வானலையில் பேசும் தன்னைப் போன்ற அமெச்சூர் ரேடியோக்காரர்களின் தியாகத்தால்தான் என்று சங்கத் தலைவர் அன்று காலையும் முழங்கினார். பனியனைத் திருப்பிப் போட்டிருந்தார்.

எதிரே மனைவி விண்ணப்பப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள். ரேடியோ தேர்வில் தேறியாயிற்று. உரிமம் வர வேண்டியதுதான் பாக்கி. ஒன்பதாவது கேள்வி, எப்போதாவது குற்றத்துக்காகத் தண்டனை பெற்றதுண்டா என்றது.

"இல்லைன்னு போடு. பழைய கதையை யார் தோண்டப் போறாங்க?"

"ஆமான்னுதாங்க போடுவேன்."

"கேஸ்காரி புருஷன்னு சங்கத்துல என் மானம் கப்பலேறும்."

அந்தப் பழைய கதை இதுதான். பதினெட்டு வருடத்துக்கு முன் தலைவர், தானே செய்த கருவியைச் சோதிக்கிறேன் என்று முடுக்கிவிட்டுத் தூங்கிப்போனார். அரை நாள் காவல்துறையின் அலைவரிசை அடைபட்டது. வாசலில் ஜீப் வந்து நின்றது. வழக்கு விழுந்தால் தன் உரிமம் போய்விடும் என்று அவர் வெலவெலத்துப் போக, "நான்தான் போட்டேன்" என்று இவள் முன்னால் போய் நின்றாள். நீதிமன்றம் அபராதம் போட்டது. மாமியாருக்கு உண்மை தெரியாது. மருமகள் கோர்ட்டுப் படி ஏறிய கதையை உறவுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பொழுது போயிற்று. இவள் வாய் திறக்கவில்லை. சமையலறையில் நின்றபடியே ரேடியோவைக் காதால் படித்தாள்.

'ஆம்' கட்டத்தில் டிக் போட்டு, தீர்ப்பின் நகலையும் இணைத்து அனுப்பினாள்.

மூன்றாம் வாரம் உரிமம் தரும் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். குடும்ப மானத்துக்குக் காவலாகக் கணவரும் மாமியாரும் கூடவே போனார்கள்.

"மறைச்சிருந்தீங்கன்னா அதுக்காகவே தள்ளியிருப்போம்" என்றார் அதிகாரி. "ஆனா இது ரேடியோ சம்பந்தப்பட்ட குத்தம். அன்னைக்கு எதுக்கும்மா போட்டீங்க?"

மறுபடி பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை. காட்டிக்கொடுக்கவும் மனமில்லை.

"தண்டனை என் பேர்ல இருக்கு, அதுக்கு நான் பொறுப்பு. அதுக்கு மேல கேக்காதீங்க சார். உரிமம் குடுத்தா ஒழுங்கா நடந்துக்குவேன். குடுக்கலேன்னா மறுபடி விண்ணப்பம் எழுதிப் போடுவேன்."

அதிகாரி ஃபைலை மூடப் போனார். ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசக்கூடிய தலைவருக்கு நாலு வார்த்தை வெளியே வரத் திணறியது.

"நான்தான் சார் போட்டேன்... இவ இல்ல."

மாமியார் மகனைப் பார்க்கவே இல்லை. மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எத்தனை பேர்கிட்ட உன்னைத் தூத்தியிருப்பேன்... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"சொல்லியிருந்தா அவரைத் தூத்தியிருப்பீங்க அத்தை" என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள் மருமகள்.

அதிகாரி அவளுடைய விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். பிறகு, வாக்குமூலத்தைப் பதிவு செய்வதற்காகத் தலைவரின் உரிம எண்ணைக் கேட்டுக் கணினியில் தட்டினார். திரையை இரண்டு முறை பார்த்தார்.

தலைவரின் உரிமம் காலாவதியாகி நான்கு வருடம் ஆகியிருந்தது.