தட்டில் விழாத சோறு

கருத்தட்டு மூன்றாவது கரண்டிச் சோற்றுக்கே சிவந்துவிட்டது. "போதும் தாயே, குழந்தைக்கு இது நிறைவு" என்று அதன் பெண்குரல் கொஞ்சியது. ஆறு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா தட்டை முறைத்தாள். முறைத்து என்ன ஆகப்போகிறது? மாநிலத்தில் கர்ப்பம் பதிவாகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு தட்டு வீடு தேடி வந்துவிடும். போடுகிற உணவை எடை பார்க்கும், சத்தைக் கணக்கிடும், வழக்கமாகச் சாப்பிடுவதில் முக்கால் பங்கைத் தொடுவதற்குள் சிவந்துவிடும். தாய் அரைவயிறு சாப்பிட்டால் பிள்ளைக்கு ஆயுசுக்கும் சர்க்கரை வராது, ஊளைச்சதை போடாது. எட்டு வருடமாக ஊருக்கெல்லாம் இதுதான் வேதவாக்கு.

ஸ்டெல்லாவின் அம்மா லூர்துமேரி தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு சட்டியிலேயே சோற்றைப் பிசைந்து, மகளுக்கு உருண்டை உருண்டையாக ஊட்டினாள். தட்டுக்குக் கண்ணா இருக்கிறது? தன்மேல் விழுந்ததுதான் அதற்குத் தெரியும்.

மகளின் வயிறு நிறைந்தது. அம்மாவின் மனசுதான் கிடந்து அடித்துக்கொண்டது. ஏனென்றால் அந்தத் தட்டு எங்கே பிறந்தது என்று அவளுக்குத் தெரியும்.

திருச்சியில் ஓர் ஆய்வு மையத்தின் எலிக்கூடத்தில் அவள் பராமரிப்பாளர். கூண்டு கழுவி, மரத்தூள் மாற்றி, தீனியை நிறுத்துப் போடுகிற வேலை. பதினைந்து வருடத்துக்கு முன் சுகிர்தா என்ற ஆராய்ச்சி மாணவி சினை எலிகளை இரண்டு வரிசையாகப் பிரித்தாள். ஒரு வரிசைக்கு வேண்டிய மட்டும் தீனி, மற்றதற்குக் குறைத்த தீனி. அதற்குமேல் ஒரு மணி போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

பிள்ளைத்தாய்ச்சியைப் பசியோடு விடுவதா? எலியென்றால் மட்டும் வயிறு வேறா? கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி அவை மோப்பம் பிடித்ததை லூர்துமேரியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தினமும் மத்தியானம் ஊறவைத்த பாசிப்பயறு கொண்டுபோய், பசித்த வரிசைக்கு மட்டும் கொடுத்தாள். தின்று முடிக்கும்வரை நின்று, தோலைக்கூடப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

அந்த எலிகளின் குட்டிகள் வெண்ணெயைத் தின்றும் கொழுக்கவில்லை, ரத்தத்தில் சர்க்கரை ஏறவில்லை. குறைந்த தீனிதான் காரணம் என்று உலகமே வியந்தது. சுகிர்தா டாக்டரானாள், இயக்குநரானாள், கருத்தட்டைச் செய்தாள். வேலை போய்விடும் என்ற பயத்தில் லூர்துமேரி வாயைத் திறக்கவில்லை. மகள் பசித்து உட்கார்ந்த பிறகுதான் பயத்தைவிடப் பாரம் பெரிதாகிவிட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று ஆனால் அந்தப் பழி தன்மேல்தானே?

அன்றே இயக்குநர் அறைக்குப் போனாள்.

"டாக்டரம்மா, அந்த எலிங்க பசியா இருக்கல. நாந்தான் தினம் பயறு குடுத்தேன்."

கூச்சல் வரும் என்று நின்றாள். வரவில்லை. சுகிர்தா எவ்வளவு, எத்தனை நாள் என்று மட்டும் கேட்டாள். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள். தட்டில் சாப்பிட்ட தாய்மார்களின் பிள்ளைகள், ஏழு லட்சம் பேர். தாய் பட்டினி கிடந்தால், வெளியே பஞ்சம் என்று கருவின் உடம்பு கற்றுக்கொள்ளும், பிறந்தபின் கிடைப்பதையெல்லாம் கொழுப்பாகப் பதுக்கும், அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்றாள்.

"ஆனா இதுங்க நல்லாத்தானேக்கா இருக்கு. எப்படி?"

லூர்துமேரி தயங்கித் தயங்கி, காலையில் சட்டியிலிருந்து ஊட்டியதைச் சொன்னாள். எதிர்வீட்டு மாமியார் மருமகளுக்குக் கொழுக்கட்டையைத் துண்டில் மூடிக்கொண்டு வருவதையும், பக்கத்து வீட்டுக்காரன் பெண்டாட்டிக்கு வெளியிலிருந்து பரோட்டா வாங்கி வருவதையும் சொன்னாள்.

"தட்டு காட்டுறதுக்குத்தான் டாக்டரம்மா. அதோட நிறுத்துற வீடு எது?"

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. நோய் கண்ட பிள்ளைகள் இருநூற்றுச் சொச்சம் பேரைப் பரம்பரைக் கோளாறு என்று அவள் தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள். இப்போது அந்தப் பட்டியலைத் திறந்து, தாய்மார்களின் முகவரிகளைப் பார்த்தாள். விடுதி அறை, பணிமகளிர் இல்லம், மொழி தெரியாத ஊரில் ஒற்றை வீடு. பக்கத்தில் ஒரு ஆள் இல்லாதவர்கள்.

பட்டியலின் முதல் பெயர் செழியன், ஆறு வயது, சுகிர்தாவின் மகன். சாப்பிட்டு எழுந்த கையோடு மறுபடி பசிக்கிறது என்று அழுகிற பிள்ளை. போன வருடத்திலிருந்து சர்க்கரைக்கு மருந்து. கணவன் கப்பலில் இருக்க, இவள் தனியாக இருந்து, தன் தட்டு சிவந்த இடத்தில் கையைக் கழுவியவள். ஒரு பருக்கை கூட்டவில்லை. ஏமாற்ற அவளுக்குத் தெரியவில்லை.

"எலிக்கெல்லாம் குடுத்தீங்களேக்கா," என்றாள் சுகிர்தா. குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "நானும் வயித்தோட உங்க முன்னாடிதான நடந்தேன்."

கன்னம் ஒட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா நடந்ததைத் தினமும் பார்த்தவள்தான் லூர்துமேரி. பெரிய படிப்புப் படித்தவருக்கு நாம் போய் என்ன கொடுப்பது என்று ஒவ்வொரு நாளும் வழிவிட்டு ஒதுங்கி நின்றிருந்தாள்.