இருபத்திரண்டு வோல்ட்!

போன் அலறியது.

எடுத்தான் மீட்டர். சட்டைப் பையில் எந்நேரமும் மல்டிமீட்டர் இருப்பதால் வந்த பெயர். எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடைக்காரன்.

"அண்ணா! நீங்க மாட்டின பெட்டி புகையுது... அப்பாவோட ஆக்சிஜன் மெஷின் நின்னு போச்சு... அப்பா பேச மாட்டேங்கிறார்ணா!"

கணக்கு வாத்தியாரின் மகள்!

லைன் துண்டானது.

காலையில்தான் மாட்டிவிட்டு வந்தான். கரன்ட் அடிக்கடி போகிறதே என்று சோலார் பேட்டரியிலிருந்து லைன். நடுவில் வோல்ட்டைக் குறைக்க, டிஸ்ப்ளே வைத்த ஒரு கன்வர்ட்டர். பேட்டரி தருவது இருபத்து நாலு வோல்ட். மெஷினுக்குப் பன்னிரண்டு போதும். திருகைத் திருப்பினால் வோல்ட் ஏறும், இறங்கும். பன்னிரண்டில் நிறுத்தி, மூன்று தடவை அளந்து பார்த்தவன் அவன்!

ஓடினான்.

வீடு பூட்டியிருந்தது.

வாசலிலேயே வெகுநேரம் காத்திருந்து திரும்பி வந்தால், கடை ஸ்டூலில் இன்ஸ்பெக்டர் அம்மா!

"வாத்தியார் போயிட்டார்."

மேஜை மேல் கருகிய கன்வர்ட்டரை வைத்தார்.

"நீங்க செட் பண்ணினதா?"

"ஆமாம்மா... பன்னிரண்டுலதான்..."

"பொய்!"

குரல் பின்னாலிருந்து வந்தது. மீட்டரின் தங்கை புருஷன். கடையில் சரிபாதிக் கூட்டாளி.

"மேடம், மறைக்க விரும்பல. மச்சானுக்கு இப்பல்லாம் வேலையில கவனமே இல்ல. இருபத்திரண்டுல வெச்சிட்டு வந்திருக்கார். எங்க வேணா கையெழுத்துப் போடறேன்!"

மீட்டர் திரும்பிப் பார்த்தான். கூடவே இருந்து குழி பறிக்கிறானே!

மெல்லக் குனிந்து கன்வர்ட்டரைப் பார்த்தான்.

டிஸ்ப்ளே... கரிக்கட்டை! உள்ளே சர்க்யூட் மட்டும் தப்பியிருந்தது.

"அளந்து பாக்கலாமாம்மா?"

"பாருங்க."

கடையிலிருந்த இருபத்து நாலு வோல்ட் பேட்டரியில் இணைத்தான். மல்டிமீட்டரின் முனைகளை வைத்தான்.

22.0

"மாப்ளே..." நிமிர்ந்தான் மீட்டர். "டிஸ்ப்ளே செத்துக் கிடக்கு. நானே இப்பதான் அளந்தேன். உனக்கு எப்படிடா தெரிஞ்சது?"

மாப்பிள்ளைக்கு இன்ஸ்பெக்டர் இருப்பதே மறந்துபோனது.

திடீரென்று மச்சானின் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தக் கிழவன் பாத்துட்டான் மச்சான்! சர்வீசுக்கு வர்ற போன்லேர்ந்து நான் பொண்ணுங்க போட்டோவை எடுக்கறதை... நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போவேன்னான்... அதான் மத்தியானம் போய்த் திருகைத் திருப்பிட்டேன்... நீ ஏத்துக்கோ! கை தவறிடுச்சுன்னு சொல்லு... உன் தங்கச்சி மாசமா இருக்கா!"

மீட்டர் கைகளை உதறினான். கண்கள் நிறைந்தன.

"என்னை உள்ள தள்ளப் பாத்தே... இப்ப தங்கச்சியை நடுவுல நிறுத்தறியா? அவகிட்ட நான் சொல்லிக்கறேன். அழுவா. உன்கூட இருந்து அழறதுக்கு, என்கூட இருந்து அழட்டும்!"

இன்ஸ்பெக்டர், இவ்வளவு நேரமும் லைனிலேயே இருந்த தன் செல்போனை வாயருகே கொண்டுபோனார்.

"கேட்டீங்களா சார்?"

ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பான குரல்...

"நல்லாவே!"

வாத்தியார்!

மாப்பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டான். "செ... செத்துட்டார்னு..."

"போயிட்டார்னுதான் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு! பொண்ணு சமயத்துல சிலிண்டரை மாட்டிட்டா. மத்தியானம் நீ வந்து பெட்டியைத் தொட்டதை அரைத் தூக்கத்துல பாத்தாராம். கனவோன்னு அவருக்குச் சந்தேகம்... தீர்த்து வெச்சிட்டே!"

'க்ளிக்!' விலங்கு பூட்டியது.

"சார், கொலைன்னு எழுத முடியாது. கொலை முயற்சிதான்."

வாத்தியார் இருமி முடித்தார்.

"விடை தப்புதாம்மா... ஆனா ஸ்டெப் ஒண்ணு விடாம தன் வாயாலயே சொன்னான் பாருங்க! ஸ்டெப் மார்க்காவது போட்டுடுங்க... ஏழு வருஷம்!"