பங்கா ஆடும்வரை

"அப்பா, நீங்க இழுக்கிற காத்து யாரு மேல படுது?"

ரோசம்மா ஒருமுறை இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. இயேசுதாசன் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "யாருக்கும்மா தெரியும், நடுவுல சுவரு இருக்கே" என்றான். அடுப்படியிலிருந்து அவன் மனைவி அந்தோனியம்மாள், "நல்ல இடத்துல வேலை பாத்தா, புள்ள கேக்கிறதுக்கு நேரா பதில் சொல்லலாம்" என்றாள். அவன் காதில் விழாததுபோலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பங்கா இழுப்பது அவன் தொழில். கூரையிலிருந்து தொங்கும் நீண்ட மரச்சட்டம், அதற்கடியில் அகலமான துணித் தொங்கல். சட்டத்தில் கட்டிய கயிறு கப்பியில் ஏறி, சுவர்த் துவாரத்தின் வழியாக வெளியே வந்து இவன் கையில் முடியும். முன்பு துறைமுகத்தருகே ஒரு கம்பெனியில் வெள்ளைக்காரர்களுக்கு இழுத்தான். அங்கே மின்விசிறி வந்தது. இவன் வெளியே வந்தான். அதன் பிறகு கிடைத்த இடத்தைப் பற்றி அவன் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட வாய் திறந்ததில்லை.

தேக்கா வட்டாரத்தின் மாட்டுக் கொட்டில்களைத் தாண்டிப் போனால், ரொச்சோர் கால்வாயை ஒட்டி ஓர் அன்னாசிப்பழத் தொழிற்சாலை மூடிக் கிடந்தது. வாசலில் துருப்பிடித்த பூட்டு. உள்ளே, ஒரு காலத்தில் பழங்களைக் கொட்டிவைத்த பள்ளமான கூடத்தில், இருட்டியதும் வேறோர் உலகம் கண்விழிக்கும். ஆர்மோனியம், டோலக், சம்சுச் சாராயம், அபின் புகை, மூக்கில் உறிஞ்சும் வெள்ளைப் பொடி. பகலில் குடை பிடித்துக் கௌரவமாக நடக்கிறவர்கள் அங்கே சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு ஊளையிடுவார்கள். வீட்டுவேலை என்று சொல்லி நாகப்பட்டினத்துக் கப்பலில் ஏற்றிவந்த பெண்கள் அவர்கள் நடுவில் ஆடுவார்கள்.

அந்தக் கூடத்தில் கடிகாரம் கிடையாது. நேரம் தெரிந்தால் வந்தவன் எழுந்து போய்விடுவான் என்று, அதை நடத்திய துரைசாமி மாட்டவில்லை. பங்காதான் அங்கே சட்டம். பங்கா ஆடும்வரை வாத்தியம் நிற்கக் கூடாது. வாத்தியம் நிற்கும்வரை ஆடுகிற கால் நிற்கக் கூடாது. துரைசாமி மணியடித்த பிறகுதான் இயேசுதாசன் கயிற்றை விடலாம்.

ஓர் இரவு கயிற்றைப் பிடித்து முதல் இழுப்பு இழுத்ததுமே அவன் கை சற்றுத் தயங்கியது. கயிறு கனத்தது.

மழையில் ஊறிய கயிற்றின் கனம் அவனுக்குத் தெரியும். கப்பி துருவேறினால் வரும் கனமும் தெரியும். இது அப்படி இல்லை. இழுக்கும்போது சேலைத் தலைப்பைப் பிடித்து இழுப்பதுபோல் ஒரு தயக்கம். விடும்போது, விட்ட வேகத்தைவிட மெதுவாக அது உள்ளே போயிற்று. மனசில்லாமல் போவதுபோல.

அவன் உட்கார்ந்து இழுக்கும் சுவரோர நடைபாதையில் துரைசாமி சுருட்டுடன் வந்தார். "என்னடா தாசா, கையில வாதமா? காத்தே வரல."

"கயிறு கனக்குதுங்க."

"தொங்கல் கிழிஞ்சு கிடந்துச்சு. வேற துணி தச்சுப் போட்டிருக்கேன். நல்ல கனமான துணி. இழு, இழு. தின்ன சோறு செரிக்கட்டும்."

அவன் தயங்கினான். "நேத்து ராத்திரி அந்தப் பொண்ணுக்கு, லீலாவுக்கு, உடம்பு சுகமில்லாம..."

துரைசாமி சுருட்டைக் கையில் எடுத்தார். "பினாங்குக்குப் போயிட்டா. காலையிலயே கப்பல். உனக்கு எதுக்குடா அது?" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

இயேசுதாசன் இழுத்தான்.

லீலாவின் முகத்தை அவன் பார்த்ததில்லை. துவாரத்தின் அந்தப் பக்கம் ஒரு தூண். ஆட்டத்தின் நடுவே அவள் அதில் ஒரு கணம் சாய்வாள். சாய்கிறபோதெல்லாம் ஏதாவது பேசுவாள். "அண்ணே, லீலா என் பேரு இல்ல. இதுங்க வச்சது. என் பேர இங்க சொல்லமாட்டேன், அதாச்சும் எனக்குன்னு இருக்கட்டும்" என்று ஒருமுறை சொன்னாள். இன்னொரு முறை, "உள்ள ஒருத்தன் யானை மாதிரி ஆடுறான், தரை தாங்குமா பாருங்க" என்று சொல்லிச் சிரித்தாள். இடது காலில் ஏதோ பழைய அடி. அதைக் கொஞ்சம் இழுத்துத்தான் வைப்பாள். பல கால்களின் சத்தத்துக்கு நடுவிலும் அந்தக் காலை அவன் காது தனியாகப் பொறுக்கிவிடும்.

அவள் மூச்சு வாங்குவது கேட்டால், அவன் கயிற்றின் முடிச்சை வேண்டுமென்றே அவிழ்ப்பான். "கயிறு அறுந்துடுச்சு!" என்று கத்துவான். பங்கா நிற்கும், வாத்தியம் நிற்கும், துரைசாமி அவன் பரம்பரையையே வைவார். அவன் நிதானமாக முடிச்சுப் போடுவான். அதற்குள் அந்தப் பெண்கள் தரையில் உட்கார்ந்து எழுந்துவிடுவார்கள். அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அதையாவது செய்கிறோமே என்று மாதாவிடம் சொல்லிக்கொள்வான்.

மழைக்காலத்தில் ரோசம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. குழந்தை பல்லைக் கிட்டித்துக்கொண்டு நடுங்கியது. அன்று அவன் குழந்தையின் காய்ச்சலைச் சொல்லி அழுதுகொண்டே இழுத்ததை லீலா எப்படியோ கேட்டிருக்கிறாள். துவாரத்தின் வழியாக இரண்டு விரல்கள் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டின. "கொயினா மாத்திரை. எனக்குன்னு டாக்டர் குடுத்தது. எனக்கு வந்தா பாத்துக்கலாம், புள்ளைக்குக் குடுங்கண்ணே."

குழந்தை பிழைத்தது. பிறகு காய்ச்சல் லீலாவுக்கு வந்தது.

நேற்று இரவு அவள் தூணில் சாய்ந்தபோது அந்தச் சூடு துவாரத்தின் வழியாகவே இவன் முகத்தில் அடித்தது. "சுடுதுண்ணே," என்றாள். "உள்ள நெருப்பு மாதிரி சுடுது." பிறகு வாத்தியம் அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. மணி அடித்தபோது உள்ளே ஏதோ விழுந்த சத்தமும், யாரோ அதட்டிய சத்தமும் கேட்டன. அதற்கு மேல் இவனுக்கு ஒன்றும் தெரியாது.

கயிறு இப்போது இன்னும் கனத்தது.

அவன் துவாரத்தருகே முகத்தைக் கொண்டுபோனான். எப்போதும் வரும் வாடைதான்: அழுகிய அன்னாசியின் இனிப்பு, அபின், வியர்வை, கால்வாய்ச் சேறு. அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. ஈரச் சுண்ணாம்பின் காரம். அதற்கும் அடியில், காய்ச்சல்காரர்களின் தலைமாட்டில் மட்டும் வரும் அந்தப் புளித்த, கசந்த நெடி. ரோசம்மாவின் பாயருகே பல இரவுகள் அவன் முகர்ந்தது.

உள்ளே பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். டோலக் வேகமெடுத்தது. யாரோ கண்ணாடிக் கோப்பையை உடைத்துச் சிரித்தார்கள். அந்த இரைச்சலுக்குள் அவன் காது, பழக்கத்தால், ஒரு காலைத் தேடியது.

கிடைத்தது.

தட். பிறகு ஒரு இழுப்பு. தட். இழுப்பு.

வேறு எவளாவது காலில் சுளுக்கோடு ஆடுகிறாள் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். பிரியதத்த மந்திரத்தைத் தொடங்கினான். மாதாவின் பேரைத் தாண்டி நாக்கு நகரவில்லை. ஏனென்றால் கயிறு சூடாகிக்கொண்டிருந்தது. உள்ளங்கை உரசிய சூடு அல்ல. கயிறு முழுவதும், துவாரத்திலிருந்து அவன் மடிவரை, காய்ச்சல் நெற்றிபோல் ஒரே சீராகக் கொதித்தது. ஈரமாகவும் இருந்தது. அவன் வேட்டியில் துடைத்துக்கொண்டான். மறுபடியும் ஈரம்.

மணி அடித்தது.

இதற்கு முன் அந்த மணிச் சத்தம் இவ்வளவு இனிமையாகக் கேட்டதில்லை. கயிற்றை விட்டான். ஆர்மோனியம் பெருமூச்சுவிட்டு அடங்கியது. நாற்காலிகள் இழுபட்டன. ரிக்‌ஷாக்காரர்களைக் கூப்பிடும் குரல்கள், வாந்தியெடுக்கும் ஓசை, பெண்களை மாடிக்கு விரட்டும் துரைசாமியின் அதட்டல், வாசற்கதவு, பூட்டு. விளக்குகள் அணைந்தன. துவாரம் கறுத்தது. வெளியே கொட்டிலில் ஒரு மாடு கனைத்து, பிறகு அதுவும் அடங்கியது. இனி அவன் நடைபாதை லாந்தரை எடுத்துக்கொண்டு, சந்துக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

லாந்தரை எடுத்தான்.

தட். இழுப்பு.

இருட்டுக் கூடத்தில். வாத்தியம் இல்லாமல்.

அவன் திரும்பிப் பார்த்தான். கயிறு ஆடிக்கொண்டிருந்தது. யார் கையும் இல்லாமல், துவாரத்துக்குள் மெதுவாகப் போயிற்று. மெதுவாக வெளியே வந்தது. கப்பி முனகியது. போயிற்று. வந்தது. அவன் இழுக்கும் அதே தாளம். நேற்றைய தாளம்.

நேற்றைய தாளம் என்று நினைத்ததுமே நேற்றைய இரவு அவனுக்கு முழுதாக நினைவுக்கு வந்தது.

சுடுகிறது என்று அவள் சொன்னாள். காற்றுக் கொடுத்தால் சூடு தணியும் என்று இவனுக்குத் தோன்றிற்று. இத்தனை வருஷமாகக் கயிறு பிடித்த கைக்கு வேறென்ன தோன்றும்? வழக்கமாக அவிழ்க்கிற முடிச்சை நேற்று அவன் அவிழ்க்கவில்லை. தோள் கழன்றுவிடும்போல இழுத்தான். தங்கச்சிக்குக் காற்று வரட்டும், காற்று வரட்டும் என்று, விடாமல், மணி அடிக்கும்வரை. பங்கா ஒரு கணமும் நிற்கவில்லை.

அதனால் அவளும் நிற்கவில்லை.

தட். இழுப்பு. தட்.

சந்துக் கதவு ஓர் எட்டில் இருந்தது. அதற்கப்பால் தேக்கா, வீடு, பாயில் தூங்கும் குழந்தை. போய்விடலாம். நாளைக்கு வேறு வேலை தேடலாம், மாட்டுக் கொட்டிலில் சாணி அள்ளலாம். ஆனால் அவன் போன பிறகும் இந்தக் கயிறு ஆடும். நாளைக்கும் ஆடும். உள்ளே அவளுக்கு உட்காரக் கிடைக்காது. வீட்டில் அந்தக் குழந்தை மூச்சுவிடும் ஒவ்வொரு மூச்சும் யார் கொடுத்தது?

சுவரில் ஒரு சின்னக் கதவு இருந்தது. போலீஸ் வந்தால் பெரிய மனிதர்கள் தப்பியோட வைத்தது. தாழ்ப்பாள் இவன் பக்கம். வேறெதற்கும் திறக்கக் கூடாது என்பது உத்தரவு.

திறந்தான்.

கூடம் அவன் நினைத்ததைவிடச் சிறியது. லாந்தர் வெளிச்சத்தில் கவிழ்ந்த நாற்காலிகள், சிந்திய சம்சு, மிதிபட்ட பூ. தூணருகே தரையில் ஓர் ஆள் நீளத்துக்குப் புதிதாகப் பூசிய சுண்ணாம்பு, இன்னும் ஈரமாக. அதன் மேல் பாதச்சுவடுகள். வலது பாதம் தெளிவாக. இடது பாதம் ஒரு கோடாக. சுற்றிச் சுற்றி. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று பதிந்தது.

தலைக்கு மேல் பங்கா ஆடியது. அதன் தொங்கல் நீலப் பட்டு. ஜரிகைக் கரை. கிழிந்த இடத்தில் யாரோ அவசரமாக ஒட்டுப் போட்டிருந்தார்கள். துரைசாமி சொன்ன கனமான துணி.

ஒரு பெண்ணின் சேலை.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். ஆடும் சட்டத்தை இரு கையாலும் கட்டிப் பிடித்தான். அது அவனைத் தூக்கி உலுக்கியது. விடவில்லை. பட்டு முகத்தில் மோதி மோதிச் சுட்டது. "போதும் தங்கச்சி," என்றான். "போதும். மணி அடிச்சாச்சு. நான் விட்டுட்டேன், பாரு. நான் விட்டுட்டேன்."

சட்டம் நின்றது.

சுவடுகளும் நின்றன.

பல்லால் கடித்துத் தையலைப் பிரித்தான். நூல் நூலாக. சேலை முழுவதும் கைக்கு வந்ததும் இறங்கி, அந்த ஈரச் சுண்ணாம்பின் மேல் ஒரு குழந்தைக்குப் போர்த்துவதுபோல விரித்தான். முழங்காலிட்டான். நித்திய இளைப்பாற்றியை இவளுக்குத் தந்தருளும் சுவாமி என்றான். அவள் பேர் தெரியாததால் பேர் சொல்லவில்லை. பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து, அவளுக்கென்று மட்டும், மெல்ல விசிறினான். பார்க்க யாரும் இல்லை.

சூடு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. அவனுக்கு அழுகை வந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

அப்போதுதான் கவனித்தான். தட்டையாகக் கிடந்த சேலை, நடுவில், லேசாக உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடியும் உயர்ந்தது. அயர்ந்து தூங்குகிற ஒருத்தியின் நெஞ்சுபோல.

அவன் கை நின்றுவிட்டது.

சேலையும் நின்றது. பிறகு தலைப்புப் பக்கம், துணிக்கடியில் ஏதோ ஒன்று, தூக்கம் கலைந்ததுபோல, மெதுவாக அவன் பக்கம் திரும்பியது.

அவன் விசிறத் தொடங்கினான்.

அது மறுபடி மூச்சுவிட்டது. வெளியே கொட்டில்களில் பால் கறக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். கோயில் மணி கேட்டது. துவாரத்தின் வழியே வெளிச்சம் ஒரு கோடாக வந்து நீலப் பட்டின் மேல் விழுந்தது. தோள் மரத்துப்போயிற்று. துண்டு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாழ்வாக இறங்கிற்று. ஒவ்வொரு முறை தாழும்போதும், துணிக்கடியில் இருந்த முகம் இன்னும் கொஞ்சம் அவனை நோக்கி எழுந்தது.