மூன்றாம் அழைப்பு

திருவாதவூர்க் கண்மாய்க்கரையில் ஆட்டோ நின்றபோது மணி நாலரை. வீரணன் பித்தளைக் குடத்தோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் மனைவி ஒச்சம்மாளும் அவள் தம்பி சோணையும் இறங்கினர்.

வடகடலில் ஓர்க்னித் தீவிலிருந்து ஷெட்லாந்துத் தீவுக்குப் பாய்மரப் படகில் தனியாகப் புறப்பட்ட மகன் சித்தார்த்திடமிருந்து பதினோரு நாளாகத் தகவல் இல்லை. தேடுதலும் நிறுத்தப்பட்டுவிட்டது.

“இந்தக் கம்மாயில முழங்கால் தண்ணிக்கே அலறுவான். அங்க போயி ஒத்தையில படகு ஓட்டிருக்கான் பாரு,” என்றான் சோணை.

“இன்னும் ரெண்டு நாள் பாப்பமே மாப்ள,” என்றார் வீரணன்.

“எம்புட்டு நாளைக்கு மச்சான்? புள்ள தண்ணியில கெடந்து அலையுதுல்ல?”

நீரில் மாண்டவரின் உயிரைத் தாய் நீர்நிலையில் நின்று மூன்று முறை பெயர்சொல்லி அழைப்பதும், அந்நீரைக் குடத்தில் முகந்து வீட்டில் வைப்பதும் அக்குடும்பத்தின் வழக்கம். உயிரோடிருப்பவரை அவ்வாறு அழைக்கலாகாது என்பதும் வழக்கமே. வீரணன் அதை நினைத்தார், சொல்லவில்லை.

ஒச்சம்மாள் இடுப்பளவு நீரில் இறங்கினாள்.

“சித்தார்த்து... வீட்டுக்கு வாய்யா.”

காற்று நின்றது.

இரண்டாம் முறை அழைத்ததும் கொக்குகள் ஓசையின்றி எழுந்து அகன்றன.

மூன்றாம் முறை அழைத்தபோது மணி நாலு ஐம்பது.

வீரணன் முகந்த நீர், அந்தச் சித்திரை வெயிலிலும், விரல் எலும்பு வலிக்கக் குளிர்ந்தது.

தல்லாகுளம் வீட்டில் குடத்தை இறக்கியபோது கைப்பேசி ஒலித்தது. அனீஸ். சித்தார்த்தின் பள்ளித் தோழன். ஓர்க்னியிலேயே வேலை பார்ப்பவன்.

“அப்பா, இன்னைக்கு மீன்பிடிப் படகுக்காரங்க அவனைப் பாத்திருக்காங்க. பாய்மரம் ஒடிஞ்சு மெதந்துக்கிட்டு இருந்திருக்கான்.”

“உசுரோடயா?”

“உசுரோடதான். கையக்கூட ஆட்டியிருக்கான். கயித்தை வீசுறப்ப யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பாத்தானாம். படி எறங்குற மாதிரி கடல்ல காலை வச்சிட்டான்ப்பா. ஆளு கெடைக்கல.”

“அப்ப அங்க மணி என்ன?”

“பகல் பன்னெண்டு இருபது.”

வீரணன் அங்கும் இங்கும் உள்ள வித்தியாசமான நாலரை மணி நேரத்தைக் கூட்டினார். ஒரு முறைதான் கூட்டினார்.

“யாருங்க போன்ல?” என்றாள் ஒச்சம்மாள்.

“யாருமில்ல.”

மறுநாள் காலையில் அவர் குடத்து நீரை வைகையில் கொட்டிவிட்டு வந்தார். மாலை நாலு ஐம்பதுக்குக் குடம் மறுபடி விளிம்புவரை நிறைந்திருந்தது. விரலை நனைத்து நாவில் வைத்தார்.

உப்பு.

குடத்தின் அடியிலிருந்து, வெகு தொலைவில், குளிரில் நடுங்கும் குரலொன்று எழுந்தது.

“இந்தா வாரேம்மா.”

அடுக்களையிலிருந்து ஒச்சம்மாள் பதில் சொன்னாள்.

“வாய்யா.”

குடம் வழியத் தொடங்கியது.