லைல் கட்டிய கொடி

ஓடுகிற ரயிலில் நீலக் கொடி தொங்கக் கூடாது. ஆனால் கடைசிப் பெட்டியின் பின்புறக் கம்பியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் மொன்டானாவின் பனிவெளி, மதிய வெளிச்சத்தில் ஓடி மறைந்துகொண்டிருந்தது.

வெண்டெல் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். அது அவருடைய சொந்தப் பெட்டி. மஹோகனிச் சுவர், பித்தளை விளக்கு, தனிச் சமையலறை. வெளியூர் ரயில்களின் வாலில் கோத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். ஆறு பேர் சாப்பிடும் மேசையில் இப்போது ஒரே ஒரு தட்டு. மனைவி கோரா இரண்டு வருடமாக வருவதில்லை. ஏன் என்று கேட்க அவருக்குப் பயம்.

பெட்டிக்கு அடியில் ஆள் இறங்கினால் நீலக் கொடி கட்ட வேண்டும்; அது இருக்கும்வரை பெட்டி நகரக் கூடாது. கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். சொந்தக்காரனே ஆனாலும் வேறு யாரும் தொடக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ரயில் யார்டில், மெக்கானிக் லைல் காபி குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்து, கிளம்பும் அவசரத்தில் அவன் கட்டிய கொடியை வெண்டெல் அவிழ்த்துவிட்டார். இன்ஜின் வந்து இடித்தது; லைல் அடியில்தான் இருந்தான். விசாரணையில், "கொடியே கட்டல" என்றார். பழி செத்தவன் தலையில் விழுந்தது. கொடியைக் கட்டிலுக்கு அடியில் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தார்.

ஓடிப்போய்ப் பார்த்தார். பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே கிரீஸ் வாசனை மட்டும்.

அப்போதுதான் அந்தச் சத்தம். சக்கரங்களின் தடதடப்புக்குக் கீழே, கம்பளத்துக்குக் கீழே, சுத்தியலால் இரும்பைத் தட்டிப் பார்க்கும் சத்தம். மூன்று தட்டு, சிறு இடைவெளி, மறுபடி மூன்று, வேலையில் அக்கறையுள்ளவன் தட்டுவது போல. அவர் நடந்த இடமெல்லாம் கூடவே வந்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது. முன்பெட்டியிலிருந்து கண்டக்டர் ஓபல்.

"என்ன ராஜா, அரண்மனையில சௌக்கியமா? உங்க பெட்டில பிரேக் இறுகிக்கிச்சாம், நிறுத்துறோம். நான் வந்து பாக்கறேன். முழங்கால் வரைக்கும் பனி, திட்டிக்கிட்டேதான் வருவேன்."

"வராத ஓபல். என் பெட்டிய நானே பாத்துக்கறேன்."

"அடியில போறதா இருந்தா கொடி கட்டுங்க, சார்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது.

"கொடி இருக்கு" என்றார்.

ரயில் நின்றது. தட்டலும் நின்றது. வெண்டெல் பின்புறக் கம்பிக்குப் போனார். கொடியின் ஓரத்தில் வெள்ளை நூலில் லைலின் பெயர். ஓபல் பார்த்தால் எல்லாம் முடிந்தது. அவிழ்க்கக் கை நீட்டினார், விரல்கள் மறுத்தன. வாக்கி டாக்கியைக் கம்பியில் மாட்டிவிட்டு இறங்கினார்.

தவழ்ந்து பெட்டிக்கு அடியில் போனார். யாருமில்லை. பனி. சூடான இரும்பு. பிரேக் தானாகவே விட்டிருந்தது. அழுகை பொங்கியது.

"மன்னிச்சிரு, லைல்."

தலைக்கு மேலே பூட்ஸ் சத்தம்.

நிதானமாக.

கம்பி வரை.

முடிச்சு அவிழ்ந்தது. கொடியின் நீல நுனி மேலே ஏறி மறைந்தது.

"முடிஞ்சுதா சார்? அடியில யாராச்சும் இருக்காங்களா?" வாக்கி டாக்கியில் ஓபல்.

வெண்டெல் கத்த வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது. பதில் மேலேயிருந்து வந்தது, அவருடைய குரலிலேயே, அன்று விசாரணையில் பேசிய அதே குரலில்.

"யாருமில்ல, ஓபல். கொடியே கட்டல. கிளம்பலாம்."

முகத்துக்கு ஒரு சாண் தள்ளியிருந்த சக்கரம் மெல்ல உருளத் தொடங்கியது.