அஞ்சு மணிக்குள் ஒரு கையெழுத்து

டெலிபோன் அலறியது.

களிம்பு கொதிக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த முதலாளியம்மா, கையுறையை உருவிப் போட்டுவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"அத்தை!"

மாப்பிள்ளை. வக்கீல். கோர்ட்டில் அதிராத குரல்... இப்போது நடுங்கியது!

"நம்ம டிரேட்மார்க் ஏஜென்ட்டை யாரோ மண்டையில அடிச்சுப் போட்டிருக்காங்க... அவர் ஆபீஸ் பூரா ரத்தம்!"

"ஐயோ! உயிர்..."

"ஒட்டிக்கிட்டிருக்கு. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். அத்தை... அதைவிடப் பெரிய இடி ஒண்ணு இருக்கு."

"என்ன மாப்பிள்ளை?"

"நம்ம டிரேட்மார்க்கை அவர் புதுப்பிக்கவே இல்ல!"

அண்டா கொதித்துக்கொண்டிருந்தது.

"எப்பவோ முடிச்சுட்டேன்னு சொன்னாரே!"

"பொய்! ஃபைல்ல ரசீதே இல்ல. பத்து வருஷம் முடிஞ்சாச்சு. அபராதத்தோட புதுப்பிக்க ஆறு மாசம் அவகாசம் உண்டு... அதுவும் இன்னிக்கு அஞ்சு மணியோட சரி. உடனே கிளம்பி வாங்க!"

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து!

நீலக்குடை... தீக்காயத்துக்குப் போடும் களிம்பு. மருந்தை உருவாக்கியது அவள். பேர் வைத்தது அவள். டப்பாவில் இருக்கும் அந்தக் குடையை வரைந்ததும் அவள்தான். இன்று அறுபது பெண்கள் அந்தக் குடைக்குக் கீழேதான் பிழைக்கிறார்கள்.

இரண்டு வருடமாக ஒரு போலி. அதே டப்பா. அதே குடை. பெயரில் ஒரே ஒரு 'க்' மட்டும் இல்லை... 'நீலகுடை'!

அந்தப் போலியைத் தடவி ஒரு வெல்டரின் கை சீழ் பிடித்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அவன் இவள் தொழிற்சாலை வாசலில் வந்து நின்று, கட்டைப் பிரித்துக் கையைக் காட்டினான்.

மறுநாளே மாப்பிள்ளையை வைத்துப் போலிக்காரன் மேல் வழக்குப் போட்டாள்.

டிரேட்மார்க் செத்தால்... வழக்கும் செத்தது!

ஏஜென்ட்டின் ஆபீஸ், மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க ஏறினாள்.

ஸ்ட்ரெச்சரில் ஏஜென்ட் கிடந்தார். வெள்ளைத் தலை சிவப்பாகியிருந்தது. பதறவேண்டிய நெஞ்சு கொதித்தது.

'பாவி... இருபது வருஷம் நம்பினேனே!'

அலமாரியைக் குடைந்துகொண்டிருந்த இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"நீங்க யாரும்மா?"

"எங்க அத்தை சார்," மாப்பிள்ளை முந்திக்கொண்டான். "மூணு மணிக்கு நான் வந்தப்பவே கதவு திறந்து கிடந்தது. சார், எங்களை இப்பவே விட்டுடுங்க. அஞ்சு மணிக்குள்ள டிரேட்மார்க் ஆபீஸ்ல ஃபார்ம் கொடுக்கணும்!"

"இங்க ஒரு மனுஷன் சாகக் கிடக்கறார். உங்களுக்கு ஃபார்ம் முக்கியமா?"

முதலாளியம்மா கை கூப்பினாள்.

"அந்தப் போலி மருந்தால இன்னும் எத்தனை பேர் கை அழுகணும் சார்? இந்த ஒரு மணி நேரத்தை மட்டும் கொடுங்க. அப்புறம் என்னை எங்க வேணா உட்கார வச்சுக் கேள்வி கேளுங்க!"

இன்ஸ்பெக்டர் அலமாரியைச் சாத்தினார்.

"என் ஜீப்ல ஏறுங்க. சைரன் சும்மாதானே கிடக்கு."

"எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம்..." என்றான் மாப்பிள்ளை.

"எனக்கும் அங்க வேலை இருக்கு. இவரை அடிச்சவன் வேற எதையும் தொடல. உங்க ஃபைலை மட்டும்தான் கலைச்சிருக்கான். அது ஏன்னு அந்த ஆபீஸ்ல கேக்கணும்!"

ஜீப் பறந்தது.

பின்சீட்டில் மாப்பிள்ளை காகிதங்களை எடுத்தான். மடித்துப் பிடித்தபடி, கீழ் ஓரத்தை மட்டும் நீட்டினான்.

"இங்க ஒண்ணு... இங்க ஒண்ணு. சீக்கிரம் அத்தை!"

கண்ணில் நீர் முட்டியது. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. குலுங்கும் ஜீப்பில்... கையெழுத்துப் போட்டாள்!

நாலு ஐம்பத்திரண்டு.

டிரேட்மார்க் ஆபீஸ் கவுன்டரில் ஒரு பெண் குமாஸ்தா. ஷட்டரை இறக்க எழுந்துகொண்டிருந்தாள்.

"அம்மா! தாயே! இதை வாங்கி சீல் குத்திடுங்க!"

"உட்காருங்கம்மா. படிச்சுட்டுத்தான் வாங்குவேன்."

"மணி ஆகுதும்மா!"

"படிக்காம நான் எங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைக்கூட வாங்க மாட்டேன்."

குமாஸ்தா நிதானமாகப் புரட்டினாள். கம்ப்யூட்டரைத் தட்டினாள். மறுபடி புரட்டினாள்.

நாலு ஐம்பத்தாறு!

மாப்பிள்ளையின் கழுத்தில் வியர்வை வழிந்தது. "மேடம், சீல் குத்துங்க! அப்புறமா படிச்சுக்கலாம்!"

"சார், உங்க கால்ல வேணா விழறேன், இவங்ககிட்ட சொல்லுங்களேன்!" முதலாளியம்மா இன்ஸ்பெக்டரிடம் கதறினாள்.

குமாஸ்தா நிமிர்ந்தாள்.

"அம்மா... நீங்க இதைப் படிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?"

"புதுப்பிக்கிற ஃபார்ம்தானே?"

"இல்ல. நீலக்குடை டிரேட்மார்க்கை முழு உரிமையோட இந்த வக்கீலுக்கு எழுதிக் கொடுக்கிற பத்திரம்!"

அவள் காதில் 'ஙொய்' என்றது.

"அப்போ... புதுப்பிக்கறது?"

"அதை உங்க ஏஜென்ட் ஏழு மாசத்துக்கு முன்னாடியே இதே கவுன்டர்ல முடிச்சுட்டார். இன்னும் ஒன்பதரை வருஷத்துக்கு உங்களை யாரும் அசைக்க முடியாது. அவர் இன்னிக்குக் காலையிலகூட இங்க வந்தார். யாரோ ஒரு வக்கீல் இந்தப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து கேக்கறார், முதலாளியம்மாவுக்கே தெரியாது போலிருக்கு, போய் உடனே சொல்லணும்னு புலம்பினார்..."

மாப்பிள்ளை பாய்ந்தான்!

இரண்டே எட்டு. இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் குறுக்கே நீண்டது. தடால்!

அதே நேரம் இன்ஸ்பெக்டரின் செல்போன் கூப்பிட்டது. ஒரு நிமிடம் கேட்டுவிட்டு வைத்தார்.

"ஆஸ்பத்திரியிலிருந்து. ஏஜென்ட் கண் முழிச்சுட்டார். ஒரே வார்த்தைதான் சொன்னாராம். 'மாப்பிள்ளை'!"

தரையில் கிடந்தவன் முனகினான்.

"போலிக்காரங்க என்னைக் கோர்ட் வாசல்லயே பிடிச்சுட்டாங்க அத்தை... டிரேட்மார்க் உன் பேருக்கு வந்தா வழக்கை வாபஸ் வாங்கிடு, பங்குதாரரா சேர்த்துக்கறோம்னாங்க. ஏஜென்ட் உங்ககிட்ட சொல்லிடுவேன்னு போனைத் தூக்கினார்... பயத்துல அடிச்சுட்டேன்..."

முதலாளியம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த வெல்டரோட கையை நீங்கதானே மாப்பிள்ளை போட்டோ எடுத்துக் கோர்ட்ல கொடுத்தீங்க? அந்த விரலைப் பார்த்த அப்புறமுமா...?"

அவன் முகத்தைத் தரைப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"என் பொண்ணு முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"

அவள் எழுந்தாள். அந்தப் பத்திரத்தை வாங்கி இரண்டாகக் கிழிக்கப் போனாள். இன்ஸ்பெக்டர் தடுத்தார்.

"கிழிக்காதீங்கம்மா. அது எனக்குச் சாட்சி."

"முதல்ல என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க சார். அவரைப் பாவின்னு திட்டிட்டேன்... மனசுக்குள்ளதான். ஆனாலும் மன்னிப்புக் கேக்கணும்."

விலங்கு 'க்ளிக்' என்றது. இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையைத் தூக்கி நிறுத்தினார்.

"கவலைப்படாதீங்கம்மா. இவர் உள்ளே போயிட்டு வெளியே வர்றதுக்கும், உங்க டிரேட்மார்க்கை அடுத்த தடவை புதுப்பிக்கிறதுக்கும் சரியா இருக்கும்!"

முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"டிரேட்மார்க்கைப் புதுப்பிச்சுக்கறேன் சார்... மாப்பிள்ளை காலாவதி!"